பாங் அணை: வாத்துகள் வந்த இடம், மனிதர்கள் போன இடம்

இமாசலப் பிரதேசத்தின் பெரும் நீர்த்தேக்கத்துக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் லட்சம் பறவைகள் வருகின்றன. பார்க்க வருபவர்களுக்குக் கொண்டாட்டம். கரையில் கோதுமை விதைப்பவர்களுக்குத் தீராத வழக்கு.

ஜனவரி மாதத்தில் காலை ஆறரை மணிக்கு நக்ரோட்டா சூரியானில் விடிந்துவிட்டது என்று சொன்னால் நம்புவது கடினம். தெரு முழுக்க மூடுபனி. டீக்கடை அடுப்பைச் சுற்றிக் கம்பளி போர்த்திய நாலைந்து உருவங்கள். பனி கொஞ்சம் விலகினால் வடக்கே தௌலாதார் மலைத்தொடர் வெள்ளைச் சுவராக எழுந்து நிற்கும். அங்கிருந்து இறங்கி வரும் காற்றுக்கு ஸ்வெட்டரும் மப்ளரும் ஒரு பொருட்டே இல்லை. காங்ரா பள்ளத்தாக்கின் இந்தச் சிறிய ஊருக்கு விடுமுறை நாட்களில் பைனாகுலரும் முக்காலியுமாக வந்து இறங்குபவர்கள் இந்தக் குளிருக்காகவேதான் வருகிறார்கள். குளிர் இல்லாவிட்டால் பறவைகள் இல்லை.

முதலில் கேட்பது சத்தம்தான். எங்கோ மேலே, பனிக்குள், மூக்கால் பேசுவதுபோல் ஒரு கூச்சல். ஒன்று குரல் கொடுக்க, இன்னொன்று பதில் சொல்ல, பிறகு நூறு குரல்கள். சற்று நேரத்தில் சாம்பல் வானத்தில் கோணல்மாணலாக ஒரு கோடு தென்படுகிறது. அது நெருங்க நெருங்க 'வி' வடிவம் எடுக்கிறது. இரவெல்லாம் நீரில் தங்கியிருந்த வரித்தலை வாத்துகள் காலை மேய்ச்சலுக்குப் புறப்பட்டுவிட்டன.

பாங் நீர்த்தேக்கம் என்று உலகம் அறிந்திருக்கும் இந்த ஏரிக்கு அரசாங்கம் வைத்த பெயர் மகாராணா பிரதாப் சாகர். பஞ்சாப் எல்லையில் தல்வாராவுக்கு அருகே பியாஸ் நதியின் குறுக்கே 133 மீட்டர் உயரத்துக்கு மண் அணை கட்டி 1974-இல் உருவாக்கப்பட்டது. 1983-இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2002-இல் ராம்சர் ஒப்பந்தப்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம் பிடித்தது. மனிதன் மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் தேக்கிய நீரை முப்பதே ஆண்டுகளில் பறவைகள் தங்களுடையதாக்கிக்கொண்டன.

வயல் வழியே

ஏரிக்குப் போகிற வழியிலேயே பாதி வேலை முடிந்துவிடும் என்பது பழக்கப்பட்ட பறவை நோக்கர்களின் அனுபவம். ஊரைத் தாண்டியதும் கடுகு வயல்கள். மஞ்சள் பூக்களின் மேல் பனித்துளி உலராத நேரத்தில், ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் ஒரு சிட்டு உட்கார்ந்து வாலைச் சொடுக்குகிறது. வேலியோரப் புதரில் வெள்ளைக் கன்னமும் முன்னோக்கி வளைந்த கொண்டையுமாக இமயமலைக் கொண்டைக்குருவி. மாமரத்தில் வால்காக்கை ஜோடி. கூரை விளிம்பில் வால் நடுங்க உட்கார்ந்திருப்பது கருஞ்சிவப்பு வயிற்றுக்காரி ஒருத்தி. கோடையில் உயர்ந்த மலைகளில் குடித்தனம், குளிர்காலத்தில் சமவெளிக்கு வாசம்.

சரிவில் ஆட்டு மந்தை ஒன்று மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். கத்தி இன மேய்ப்பர்கள். கோடையில் தௌலாதார் தாண்டி உயரப் புல்வெளிகளுக்கு ஏறுவதும், பனி விழத் தொடங்கியதும் காங்ராவின் தாழ்நிலங்களுக்கு மந்தையோடு இறங்குவதும் இவர்களுடைய தலைமுறைப் பழக்கம். பறவையும் மேய்ப்பனும் ஒரே நாட்காட்டியைத்தான் வைத்திருக்கிறார்கள்.

வெயில் ஏறியதும் வானத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடத் தொடங்கும். நாட்டின் பெரும்பகுதியில் இவை அழிவின் விளிம்புக்குப் போனதற்குக் காரணம் மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். வெண்முதுகுக் கழுகுகள் இன்னும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் சில இடங்களில் காங்ரா மாவட்டமும் ஒன்று. வாத்து பார்க்க வந்தவர்களுக்கு இது எதிர்பாராத வரவு.

கரையை அடைந்ததும் காட்சி மாறிவிடுகிறது. மழைக்காலம் முடியும்போது 1,390 அடி வரை ஏறி நிற்கும் நீர், குளிர்காலத்தில் மெல்ல மெல்ல வடிகிறது. வடிந்த இடமெல்லாம் வண்டல். அதில் முளைத்த புல். புல்லின் மேல் சாம்பல் கம்பளம் விரித்ததுபோல் ஆயிரக்கணக்கான வாத்துகள். அப்பால் நீரில் கறுப்புப் புள்ளிகளாக நாமக்கோழிகள். கூரிய வாலை உயர்த்திக்கொண்டு தலையைக் குப்புறக் கவிழ்க்கும் ஊசிவால் வாத்துகள். செந்தலையும் சாம்பல் உடலுமான போச்சார்டுகள். சின்னஞ்சிறு கிளுவைகள். தனித்தனியே மூழ்கி எங்கோ எழும் கொண்டை முக்குளிப்பான்கள். பட்ட மரத்தின் உச்சியில் விரால் அடிப்பான் மீனைக் காலில் பிடித்தபடி சாவகாசமாகச் சாப்பிடுகிறது.

ஈர மணலில் ஜோடி ஜோடியாக நிற்கும் செம்பொன் நிற வாத்துகள் சக்கரவாகங்கள். பகலில் இணைபிரியாமலும் இரவில் ஆளுக்கொரு கரையிலும் இருக்கச் சபிக்கப்பட்டவை என்று காவிய மரபு சொல்லும் அதே பறவை. பைனாகுலரில் பார்த்தால் சாபத்தின் சுவடு எதுவும் தெரிவதில்லை. ஆள் நெருங்கினால் இரண்டும் சேர்ந்தே கத்துகின்றன.

இமயத்தைத் தாண்டும் இரண்டு கிலோ

இத்தனைக்கும் நடுவே நாயக அந்தஸ்து வரித்தலை வாத்துக்குத்தான். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள். மஞ்சள் அலகு. எடை இரண்டு முதல் மூன்று கிலோ. மங்கோலியா, திபெத் பீடபூமி, சீனாவின் சிங்காய் ஏரி, நம் லடாக்கின் உப்பு ஏரிகள் என மத்திய ஆசியாவின் உயர்ந்த நீர்நிலைகளில் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி இந்தியாவுக்கு வருகிறது. ஒரு பகுதி பாங் ஏரியிலேயே தங்கிவிடுகிறது. மற்றவை தெற்கே போகின்றன. திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளத்தில் மார்கழி, தை மாதங்களில் கிராமத்தார் பார்ப்பது இதே இனத்தைத்தான்.

இமயத்தை எப்படித் தாண்டுகிறது என்பது நீண்ட காலம் விஞ்ஞானிகளைக் குழப்பிய கேள்வி. பறவைகளின் மேல் கருவி பொருத்தி விண்கோள் வழியே பின்தொடர்ந்த ஆய்வுகள் விடை சொன்னன. 2011-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியப் பக்கத்திலிருந்து திரும்பும் வாத்துகள் ஏழெட்டு மணி நேரத்தில் மலைத்தொடரின் உயரத்தை எட்டிவிடுகின்றன. பின்னால் தள்ளும் காற்றுக்காக அவை காத்திருப்பதில்லை. காற்று அமைதியாகவும் குளிர்ந்தும் அடர்த்தியாகவும் இருக்கும் இரவையும் அதிகாலையையும் தேர்ந்தெடுக்கின்றன. 2015-இல் வெளியான இன்னொரு ஆய்வு மேலும் ஒரு ரகசியத்தை உடைத்தது. மொத்தமாக உயரே ஏறி நேர்கோட்டில் பறப்பதில்லை. மலை ஏறும் இடத்தில் ஏறி, பள்ளத்தாக்கு வரும் இடத்தில் இறங்கி, நிலத்தை ஒட்டியே போகின்றன. மெல்லிய காற்றில் சிறகடிப்பதைவிட, இறங்கி மறுபடி ஏறுவது மலிவு. தேவைப்பட்டால் 7,000 மீட்டருக்கு மேலும் பறப்பதுண்டு. ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்ளும் ரத்தம் அதற்கு உதவுகிறது.

கணக்குப் பிள்ளைகள்

ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் இந்தக் கூட்டத்தை எண்ணுகிறார்கள். 1987-இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் ஒரு பகுதி இது. வனத்துறை ஊழியர்கள், பறவை ஆர்வலர்கள், மாணவர்கள் என்று குழுக்கள் அமைத்து, ஏரியைப் பல பிரிவுகளாகப் பங்கிட்டு, ஒரே சமயத்தில் எண்ணுவார்கள். ஒரு பக்கம் எண்ணிய கூட்டம் பறந்துபோய் இன்னொரு பக்கம் மறுபடி எண்ணப்படாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

பத்தாயிரம் வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ண முடியுமா? முடியாது. அதற்கு ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. கூட்டத்தின் ஓரத்தில் ஐம்பது அல்லது நூறு பறவைகளை எண்ணிக்கொள்ள வேண்டும். அந்த அளவு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவுத் துண்டுகள் கூட்டம் முழுவதிலும் எத்தனை என்று பார்க்க வேண்டும். துணி அளப்பதுபோலத்தான். கேட்பதற்குச் சுலபம். எண்ணி முடிக்கப் போகும் நேரத்தில் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்தால் போதும். ஐயாயிரம் பறவைகளும் ஒரே அலையாக எழும்பி இடம் மாறி உட்கார்ந்துவிடும். குறித்ததை அடித்துவிட்டு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதுதான். விறைத்த விரலில் பென்சில் நிற்காது. பிளாஸ்கில் இருக்கும் டீதான் ஆறுதல்.

இப்படிச் சேர்த்த எண்களில் பாங் ஏரியின் மொத்தம் பல ஆண்டுகளில் லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. அதில் வரித்தலை வாத்துகள் மட்டும் பல்லாயிரம். உலகில் இந்த இனம் மிக அதிகமாகக் கூடும் குளிர்கால இடங்களில் ஒன்று என்று பாங் பெயர் பெற்றது இதனால்தான். கழுத்தில் எண் எழுதிய பட்டை அணிந்த வாத்து கண்ணில் பட்டால் குழுவுக்கே உற்சாகம். அந்த எண்ணைக் குறித்து அனுப்பினால், எந்த நாட்டில், எந்த ஏரிக்கரையில் அதற்குப் பட்டை கட்டினார்கள் என்று தெரிந்துவிடும்.

நீருக்கு அடியில் ஊர்கள்

பறவை நோக்கர்களின் பைனாகுலரில் அகப்படாத ஒன்று இந்த ஏரிக்கு அடியில் இருக்கிறது. ஹல்தூன் பள்ளத்தாக்கு. காங்ராவின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பூமி. அணை வந்தபோது முந்நூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் பாதிக்கப்பட்டன. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடு வாசலை விட்டுக் கிளம்பின. பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர் நகர் போகும் சிறிய ரயிலின் தண்டவாளம்கூட ஒரு பகுதியில் பிடுங்கப்பட்டு வேறு வழியாகப் போடப்பட்டது. கோடையில் நீர் நன்றாக வடியும்போது, பாத்து கி லடி என்ற பழைய கோயில் தொகுதி சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். மழைக்காலத்தில் மறுபடி மூழ்கிவிடும்.

தேக்கிய பியாஸ் நீரின் பெரும் பயனாளிகளில் ஒன்று ராஜஸ்தான். ஹரிகே தடுப்பணை வழியாகப் போய், இந்திரா காந்தி கால்வாயில் ஓடி, தார்ப் பாலைவனத்தை நனைக்கிறது. ஆகவே நிலம் இழந்தவர்களுக்கு அந்தக் கால்வாய்ப் பகுதியில் நிலம் தருவது என்று ஏற்பாடு. தகுதி உள்ளவை என்று முடிவு செய்யப்பட்ட குடும்பங்கள் 16,352. மாமரமும் நெல்வயலும் பார்த்து வளர்ந்தவர்கள் ஸ்ரீகங்காநகர், ஜெய்சல்மேர் மணலுக்குப் போக வேண்டும். சிலர் போனார்கள். சிலர் போய்த் திரும்பினார்கள். சிலருடைய நிலத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்கு, நேரில் இருந்து பயிர் செய்யவில்லை என்று காரணம் காட்டி ஒதுக்கீடு ரத்தாகியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-இல் தீர்ப்பு வந்து, உயர் அதிகாரக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குப் பிறகும் நிலத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. மனுப் போட்ட முதல் தலைமுறையில் பலர் இன்று உயிரோடு இல்லை.

ஏரிக்கு வைத்த பெயரோ ராஜஸ்தானத்து மாவீரனுடையது. ஊரை விட்டு அந்த மாநிலத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு இதில் இருக்கும் வேடிக்கை புரியாமல் இருக்காது.

கோதுமை யாருக்கு?

பறவைக்கும் மனிதனுக்கும் இடையிலான இன்றைய சச்சரவு இங்கேதான் முளைக்கிறது. அக்டோபர், நவம்பரில் நீர் வடிந்ததும் வெளிப்படும் வண்டல் நிலம் அருமையான நிலம். உரம் தேவையில்லை. உழுது கோதுமை விதைத்தால் நீர் மீண்டும் ஏறுவதற்குள் அறுவடை செய்துவிடலாம். இதில் ஒரு பகுதி ஒருகாலத்தில் தங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது என்பது கரையோர மக்களின் வாதம். ஏரி ஆண்டு முழுவதும் நிரம்பி நிற்பதில்லை. சும்மா கிடக்கும் மண்ணில் நாலு மாதம் பயிர் செய்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கிறார்கள்.

சட்டத்தின் பதில் வேறு. அந்த நிலம் அணைக்காகக் கையகப்படுத்தப்பட்டது, இப்போது சரணாலயம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே உழுவது குற்றம். பறவை ஆர்வலர்களின் கவலையும் நியாயமானது. டிராக்டர் ஓடினால் பறவைகள் ஓய்வெடுக்க இடமில்லை. புல் மேட்டுக்குத் தீ வைத்தால் மேய்ச்சல் போயிற்று. பூச்சிமருந்து நீரில் கலந்தால் மீனுக்கும் ஆபத்து. மீனை நம்பி இந்த ஏரியில் வலை போடும் குடும்பங்களும் ஏராளம். சரணாலயத்துக்குள் பயிரிடுவதைத் தடுக்கக் கோரி புகார்கள் வருவதும், வனத்துறை வேலியையும் பயிரையும் அகற்றுவதும், அடுத்த ஆண்டு மறுபடி விதை விழுவதும் வழக்கமாகிவிட்டது.

விசித்திரம் என்னவென்றால், வாத்துக்கும் கோதுமை பிடிக்கும். இளம் கோதுமைத் தாளும் கொண்டைக்கடலைச் செடியும் அதற்கு விருந்து. ஒரே இரவில் ஒரு கூட்டம் இறங்கினால் காலையில் வயல் மொட்டை. சட்டப்படி இல்லாத பயிருக்கு நஷ்டஈடு கேட்டு யாரிடம் போவது? சரணாலயத்துக்கு வெளியே, பட்டா நிலத்தில் பயிரிடுபவனுக்கும் இதே கதிதான். தகர டப்பா தட்டி விரட்டுகிறார்கள். வலை விரித்தும் விஷம் வைத்தும் பிடிக்கும் சம்பவங்களும் நடந்திருக்கின்றன. ஆயிரம் மைல் தாண்டி வந்த விருந்தாளி, தான் சாப்பிடுவது சட்டபூர்வமான கோதுமையா என்று விசாரித்துக்கொண்டிருப்பதில்லை.

மௌனமான குளிர்காலம்

2020 டிசம்பர் கடைசியில் கரையோரம் செத்த வாத்துகள் ஒதுங்கத் தொடங்கின. முதலில் சில. பிறகு நூறு நூறாக. மாதிரிகள் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்துக்குப் போயின. பறவைக் காய்ச்சல் என்று முடிவு வந்தது. செத்தவற்றில் மிகப் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகள். அந்தக் குளிர்காலத்தில் இறந்தவை சுமார் ஐயாயிரம். கொரோனா காலத்தில் மருத்துவமனைகளில் பார்த்த அதே முழு உடல் கவசத்தை அணிந்துகொண்டு வனத்துறை ஊழியர்கள் சேற்றில் நடந்து பறவைகளைப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைத்தார்கள். ஏரிப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று தடை. மீன்பிடிப்பு நின்றது. மாடு மேய்ப்பது நின்றது. சுற்று வட்டாரத்தில் கோழியும் முட்டையும் விற்கக் கூடாது என்று உத்தரவு. காட்டு வாத்துக்கு வந்த காய்ச்சலில் கறிக்கடைக்காரரும் படகுக்காரரும் முடங்கினார்கள்.

நோய் புதிதல்ல. 2005-இல் சிங்காய் ஏரியில் இதே இனம் ஆயிரக்கணக்கில் மடிந்தது. ஒரே இடத்தில் நெருக்கியடித்துக் கூடும் பறவைக்கு, கூட்டமே பலம், கூட்டமே பலவீனம். நல்ல ஈரநிலங்கள் குறையக் குறைய, எஞ்சிய இடங்களில் நெருக்கடி அதிகமாகிறது. பாங் போன்ற ஓர் இடத்துக்கு ஏதாவது நேர்ந்தால் முழு இனத்துக்கும் அடி.

ஆனால் பறவைகள் ஏரியைக் கைவிடவில்லை. சாவு ஓய்ந்தபின், 2021 பிப்ரவரியில் தாமதமாக நடந்த கணக்கெடுப்பிலும் மொத்தம் லட்சத்தைத் தாண்டியது. அடுத்தடுத்த குளிர்காலங்களிலும் 'வி' வடிவங்கள் வந்து இறங்கின.

யாருடைய ஏரி?

மாலை நான்கு மணிக்கெல்லாம் வெயில் தணிந்து குளிர் மறுபடி எலும்புக்குள் இறங்கத் தொடங்கும். வயல்களிலிருந்து வாத்துகள் நீருக்குத் திரும்பும் நேரம். தௌலாதார் பனி இளஞ்சிவப்பாக மாற, அதன் குறுக்கே வரிசை வரிசையாகக் கோடுகள். இதைப் பார்ப்பதற்காகவே டெல்லியிலிருந்தும் சண்டிகரிலிருந்தும் வருபவர்கள் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். பதான்கோட்டிலிருந்து சாலை வழியே வரலாம். படகுக்கும், நீர் நடுவே ரன்சர் தீவுக்குப் போவதற்கும் வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும்.

வருபவர்களின் பணம் கரையோரக் கிராமங்களில் எவ்வளவு தங்குகிறது என்பதில்தான் இந்தச் சரணாலயத்தின் எதிர்காலம் இருக்கிறது. பறவையைக் காட்டிச் சம்பாதிக்க முடிந்தவன் அதன்மேல் வலை வீசமாட்டான். கிராமத்து இளைஞர்கள் வழிகாட்டிகளாகவும் படகோட்டிகளாகவும் ஆனால், பட்டா நிலத்தில் வாத்து மேய்ந்த பயிருக்கு ஒழுங்காக நஷ்டஈடு கிடைத்தால், பாதிச் சண்டை தீரும். மீதிப் பாதி தீர, 1974-இன் பழைய பாக்கி தீர வேண்டும். கொடுப்பதாகச் சொன்ன நிலம் கிடைத்திருந்தால், வண்டலில் நாலு மாதக் கோதுமைக்காகச் சட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் பலருக்கு வந்திருக்காது.

மங்கோலியாவிலிருந்து வரும் வாத்துக்குப் பட்டை உண்டு, எண் உண்டு, ஆண்டுதோறும் தவறாத கணக்கெடுப்பு உண்டு. வசந்தம் வந்தால் திரும்பிப் போக ஓர் ஊரும் உண்டு. ஹல்தூன்காரர்களிடமும் எண் இருக்கிறது. ஐம்பது ஆண்டுப் பழைய கோப்பின் எண். திரும்பிப் போவதற்கான ஊர்தான் நீருக்கு அடியில் இருக்கிறது.